நான் விற்காத சோப்புத் தூள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்தாயிற்று, வலது முழங்கால் படி இறங்கும்போது மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்து வெகுகாலமாகிவிட்டது, அதனால் நீ சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எனக்கு மறதி நோய் வந்துவிட்டதென்றும், கடையில் அத்தனை பேர் முன்னால் நின்று வாய்க்கு வந்ததை உளறினேனென்றும், ஒரு சின்னப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேனென்றும் உன் அத்தை பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கும் சொல்லியிருக்கிறாள் என்பது தெரியும், ஏனென்றால் நீ கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கு ஃபோன் செய்து, அம்மாவை நல்ல டாக்டர் யாரிடமாவது காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். பிறர் வாயைத் திறக்கவைப்பது அவர் தொழில், தன் வாயை மூடிக்கொள்வது அவருக்கு வராது, அன்று சாயங்காலமே மேலே வந்து சொல்லிவிட்டுப் போனார். என் ஞாபகத்துக்கு ஒரு கேடும் இல்லை. இவர்களுக்கெல்லாம் சங்கடமே அதுதான். கடையில் நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் தெரிந்து பேசியது, பழி தீர்க்கப் பேசியது. முகம் சுளிக்காதே. உன் அப்பா எதையும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார், அதனால் இந்த வீட்டில் அந்த வேலை எப்போதுமே என்னுடையதாகத்தான் இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முடிவில் உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. வாலு உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள், அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, கணக்குப் புத்தகத்தில் விடையை முதலில் பார்த்துக்கொள்ளும் பழக்கம் உனக்கு உண்டு.

வாலு உன் அத்தைக்குக் காலம் கடந்து பிறந்த பெண், இங்கே தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள், உன் அறையில்தான் இருக்கிறாள் என்பதெல்லாம் நீ அறிந்ததே. அவள் வந்த புதிதில் எந்நேரமும் ஃபோனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், சிநேகிதிகளுடன் பேசுகிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. முகத்துக்குப் பூசுவது, உதட்டுக்குப் பூசுவது, தலைக்குத் தேய்ப்பது, எல்லாம் பட்டு நாடா கட்டி வரும். யாரம்மா உனக்கு இத்தனை அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். ‘கம்பெனிக்காரங்க மாமி, சும்மாவே குடுக்குறாங்க. நான் ரெண்டு வார்த்தை நல்லதா சொன்னா போதும், நம்ம ஆளுங்க வாங்கிடுவாங்க’ என்றாள். அந்த நம்ம ஆளுங்க யாரென்று விசாரித்தால் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் காலையில் இரண்டு சட்டையைக் கட்டிலில் விரித்துப் படம் போடுவாள், அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதைத்தான் உடுத்துவாள். அவர்கள் சொல்லி முடியை வெட்டினாள், அவர்கள் சொல்லி வளர்த்தாள். தக்காளியைக் கண்டாலே ஓடுகிறவள், அவர்களுக்குப் பிடிக்குமென்று ஒரு கிண்ணம் தக்காளிச் சூப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி ரசித்துவிட்டு, ஃபோனை அணைத்ததும் எனக்குத் தள்ளிவிட்டாள். எதிர்வீட்டுத் தையற்காரரின் மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, வாலு அக்கா பூசுகிறாளென்று ஒரு களிம்பை வாங்கிப் பூசி முகமெல்லாம் கொப்புளித்து வந்து நின்றது. நான் அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாலுவின் முன்னால் நிறுத்தினேன். ‘ஐயோ, நான் அதைப் பூசவே இல்லையே மாமி, மூடியைத் திறந்து காட்டினேன், அவ்வளவுதான்’ என்றாள். முகத்தில் ஒரு பொய்யும் இல்லை. உண்மையிலேயே தான் தவறு செய்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பெரிய ஹோட்டலின் துணி அறையைத் தலைமை ஏற்று நடத்தினேன், விரிப்பில் ஒரு மடிப்பு கோணினால் மறுபடி பிரிக்கவைத்தேன், மேலாளரே என் அறைக்குள் வரும்போது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு வருவார். ஓய்வு பெற்றால் கண் ஓய்வு பெறுமா? வாலு ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டால் சொல்வேன், தேநீர்க் கோப்பையை மேசையில் வளையம் பதிய வைத்தால் சொல்வேன். ஆனால் சில மாதமாக ஒன்றைக் கவனித்தேன். அவளுடைய தப்புகளெல்லாம் ஜன்னலோரத்தில் நடந்தன. இருட்டு மூலையில் எதுவும் சிந்தவில்லை, பின்கட்டில் எதுவும் உடையவில்லை. வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்துத்தான் அவளுக்குக் கை தவறியது, அதுவும் நான் நல்ல சேலை உடுத்தியிருக்கும் நாளில். பூந்தொட்டிக்குப் பின்னால் ஃபோனைச் சாய்த்து வைத்திருப்பாள், எனக்கென்ன தெரியும், சார்ஜில் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஃபோனுக்கு நேராக நின்று திட்டியிருக்கிறேன்.

விஷயம் வெளியானது பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில்தான். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தேன். சீட்டுக் கொடுக்கும் பெண் என்னையே பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், பிறகு எழுந்து வந்து, ‘நீங்க கறார் மாமிதானே? ப்ளீஸ் மாமி, என்னை ஒரே ஒரு தடவை திட்டுங்க’ என்றாள். பக்கத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள்கூட வலியை மறந்து ஃபோனைத் தூக்கிவிட்டார். எதிர்ச் சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதில் நான் வந்தேன். என் கொண்டை, என் கண்ணாடி, உன் அப்பா வாங்கித் தந்த சாம்பல் நிறச் சேலை. தலையணை உறை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘இதுக்குப் பேர் வெளுப்பா?’ என்று கேட்கிறேன். உடனே ஒரு சோப்புத் தூள் பொட்டலம் பளிச்சென்று வந்து நிற்கிறது, அதன் மூலையில் என் கொண்டையும் கண்ணாடியும் கோட்டுப் படமாக. வீதியில் போகிற வருகிறவர்கள் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பஸ்ஸில் கல்லூரிப் பையன்கள் ஏன் கோரஸாக ஏதோ கேட்டார்கள் என்பதெல்லாம் அந்த நிமிடம் விளங்கியது. நான் எந்த விளம்பரத்திலும் நடிக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள். அந்தத் தலையணை உறை எதில் துவைத்தது தெரியுமா? அதே தூளில். வாலுவுக்குப் பார்சலில் வந்த பொட்டலம், அவள் துவைத்துக் காயப்போட்டது, பழுப்பு அப்படியே இருந்தது, அதைப் பார்த்துத்தான் நான் அப்படிக் கேட்டேன். என் வாயால் வசவு வாங்கிய தூளை, அதே வசவைக் கத்தரித்து வைத்து, நான் மெச்சியதுபோல் விற்றிருக்கிறார்கள். பல்லைப் பிடுங்கியிருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். வாலு அழவில்லை, மறைக்கவில்லை, பெருமையாகவே காட்டினாள். கறார் மாமி என்று ஒரு பக்கம், அதில் நூற்றுக்கணக்கில் நான். ‘உங்களுக்கு எவ்ளோ ரசிகர்கள் பாருங்க மாமி! எல்லாரும் தங்களுக்கும் இப்படி ஒரு மாமி வேணும்னு கேக்குறாங்க’ என்றாள். கொடுமைக்கார மாமியிடம் மாட்டிக்கொண்ட அப்பாவிப் பெண்ணாக அதில் அவள் வருகிறாள், கண்ணை மலர்த்தி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. நிஜத்தில் அவள் அப்படிப்பட்டவள் இல்லை, நன்றாக எதிர்த்துப் பேசுவாள், அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அந்த அப்பாவிதான் வேண்டும் என்றதும் வீட்டிலும் அந்த உதட்டோடு நடமாட ஆரம்பித்துவிட்டாள், எது முகம் எது முகமூடி என்று எனக்கே தெரியாமல் போயிற்று. உன் அத்தைக்கு ஃபோன் செய்தேன். ‘அண்ணி, இந்த வயசுல உங்களை நாலு பேருக்குத் தெரியுதேன்னு சந்தோஷப்படுவீங்களா, அதை விட்டுட்டு’ என்றாள். நான்கு பேருக்குத் தெரியவேண்டுமென்று நான் எப்போது இவளிடம் விண்ணப்பம் போட்டேன்? வக்கீலைப் பார்க்கலாம் என்றார் பல் டாக்டர். வேண்டாம் என்றேன். வக்கீலிடம் கொடுத்தால் ஆறிப்போய்விடும்.

கான்வென்ட்டில் எங்களுக்கு ஒரு தையல் சிஸ்டர் இருந்தார், உனக்குச் சொல்லியிருக்கிறேன். என் தையலை எத்தனையோ முறை பிரிக்கவைத்து அழவைத்திருக்கிறார். ஆனால் கடைசி வரிசையில் இருந்த சில பெண்களிடம் மட்டும் அவர் மிக இனிமையாகப் பேசுவார், எப்படித் தைத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார். அவர்களைக் கைவிட்டுவிட்டார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும். அந்த இனிமைக்குப் பயந்துதான் நான் ஒழுங்காகத் தைக்கக் கற்றேன். வாலுவுக்கு அதையே கொடுப்பதென்று தீர்மானித்தேன். மறுநாள் காலை ஜன்னலோரத்தில் பாலைக் கொட்டினாள். நான் புன்னகை செய்து, ‘பரவாயில்லை கண்ணே’ என்றேன். அவள் பூந்தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து என் இஸ்திரி போட்ட விரிப்பின்மேல் ஈரத்துண்டு. ‘பரவாயில்லை கண்ணே.’ செருப்போடு அறைக்குள் வந்தாள். ‘பரவாயில்லை கண்ணே.’ எனக்கு உள்ளே எப்படி இருந்தது என்று நீ ஊகித்துக்கொள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயிடம் திட்டிவிட்டு வருவேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. மாமிக்கு உடம்பு சரியில்லையா, மாமி மாறிவிட்டாரா, இந்த மாமி போரடிக்கிறார் என்று அவளுடைய ஆட்கள் எழுதத் தொடங்கினார்களாம். கம்பெனியிலிருந்து கேட்டுக் கேட்டு ஃபோன். சட்டை தேர்ந்தெடுத்துச் சொல்லவும் ஆட்கள் குறைந்தார்கள். ஒரு நாள் காலை அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, ‘எதைப் போடட்டும் மாமி?’ என்று என்னிடமே வந்து கேட்டாள். இரண்டில் ஒன்று அவளுக்கு அறவே பொருந்தாது, தோள்பட்டை தொங்குகிறது. ‘எல்லாமே நல்லாத்தான் இருக்கு கண்ணே’ என்றேன். கையில் இரண்டையும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ‘திட்டுங்க மாமி, இப்படிப் பேசாதீங்க, பயமா இருக்கு’ என்றாள். இரங்கவில்லை. இன்னும் கம்பெனி பாக்கி இருந்தது.

அவர்களே வலிய வந்து மாட்டினார்கள். பெரிய கடையொன்றில் கூட்டம் கூட்டி, மாமியை நேரில் நிறுத்தி, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவைத்து ஒளிபரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று திட்டம் போட்டார்களாம். வாலு கெஞ்சினாள், ‘ஒரே ஒரு தடவை மாமி, எனக்காக.’ சரி கண்ணே என்றேன், அவளுக்கு மயக்கமே வந்துவிடும்போல் இருந்தது. கம்பெனி ஆள் ஒரு சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, ‘வாங்க மாமி, வாங்க மாமி’ என்று கையைப் பிடித்தான். உங்கள் மாமாவை நான் மணக்கவில்லையே தம்பி, எந்த வழியில் மாமி என்று கேட்டேன். அதற்கும் கைகொட்டிச் சிரித்தார்கள், கறார் கறார் என்று. சாமான் வண்டிகளை நிறுத்தும் இடத்தில் மேடை, சுற்றிலும் பிள்ளைகள், அத்தனை கையிலும் ஃபோன். பலரும் என்னைப்போல் கொண்டை போட்டு, கண்ணாடி மாட்டி, என் முகத்தை அச்சடித்த பனியன் வேறு உடுத்தியிருந்தார்கள். ஒரு அழுக்குத் துணியைத் தூக்கிக் காட்டி எனக்குக் கண்ணைக் காட்டினான் அந்தப் பையன். நான் துணியைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். ‘பிள்ளைகளே, உங்களுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருக்கிறது. நான் அதை எதைப் பார்த்துச் சொன்னேன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இந்தத் தூளில் துவைத்த தலையணை உறையைப் பார்த்துச் சொன்னேன். என்னைக் கேட்காமல் எடுத்தார்கள், வெட்டினார்கள், ஒட்டினார்கள், உங்களிடம் விற்றார்கள். நான் இதை வாங்கியதில்லை, இனி வாங்கவும் மாட்டேன்’ என்றேன். பிறகு பொட்டலத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துணி அறையில் பேசும் குரலில், ‘இதுக்குப் பேர் வெளுப்பா?’ என்றேன். கடை அதிர்ந்தது. பையன் கையால் கேமராவை மூடப் பார்த்தான், எத்தனை கேமராவை மூடுவான், அழைத்து வந்ததே அவன்தானே. எனக்கு அத்தனை சுகமாக இருந்தது, மகளே. வீடு வரை நடந்தே வந்தேன், முழங்கால் மூச்சுவிடவில்லை. அந்த வாரமே விளம்பரம் நின்றது, பொட்டலத்திலிருந்து என் கொண்டை போயிற்று. மன்னிப்புக் கேட்டுப் பூங்கொத்து அனுப்பினார்கள், பூவை ஜாடியில் வைத்தேன், மன்னிக்கவில்லை.

மறுநாள் உன் அத்தை வந்து வாசலிலேயே நின்று கத்தினாள். ‘பொறாமை அண்ணி உங்களுக்கு! சின்னப் பொண்ணு நாலு காசு பாக்குறது பொறுக்கல! புத்தி பிசகிப்போச்சு, எங்க அண்ணன் இருந்திருந்தா’ என்றாள். உங்கள் அண்ணன் இருந்திருந்தால் இந்நேரம் உங்களுக்கு உட்கார நாற்காலி போட்டிருப்பார், நான் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். அப்போதுதான் உன் பெயர் வந்தது. உள்ளே நின்றிருந்த வாலு, ‘நான் கேக்காம செய்யல மாமி. அக்காகிட்டக் கேட்டேன். கம்பெனிக்கு வீட்டுல யாராவது சரின்னு சொல்லணும்னாங்க. அக்கா சரின்னு சொன்னாங்க, சிரிச்சாங்க’ என்றாள். நான் நம்பவில்லை என்றேன். அதற்கு அவள், ‘அக்கா தினமும் பாக்குறாங்க மாமி, ஒண்ணு விடாம. உங்களை அதுலயே பாத்துடுறதால ஃபோன் பண்ணணும்னு தோணலைன்னாங்க’ என்றாள். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடுவது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். உனக்கு வேலை அதிகம், அங்கே இரவு பகல் வேறு என்று நானே உனக்காகக் காரணம் சொல்லி வந்தேன், கேட்பவர்களிடமும் அதையே சொன்னேன். அந்த நேரமெல்லாம் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய், நான் உன்னைப் பார்க்கவில்லை. ஜன்னலோரத்தில் நான் திட்டுவதைப் பார்த்து அம்மா திடமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். கன்னம் வீங்கிய வாரம் அந்தப் பக்கத்தில் நான் இல்லை, யாரும் போடவில்லை, வீங்கிய முகத்துக்கு விற்பனை இல்லை போலும். அந்த வாரம் நீ கூப்பிட்டிருந்தால் எனக்குப் பேச முடியாது என்பதாவது உனக்குத் தெரிந்திருக்கும்.

இதர விஷயங்கள். குளியலறைச் சுவரில் கசிவு மறுபடி வந்துவிட்டது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்கிறார், அவரையும் கவனித்துக்கொள்கிறேன். தையற்காரர் மகளுக்கு முகம் ஆறிவிட்டது, தழும்பு இல்லை. வாலு அம்மாவோடு போனவள் பத்து நாளில் திரும்பி வந்துவிட்டாள், அங்கிருந்து கல்லூரி தூரமாம். நேற்று உன் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில், வெளிச்சமே படாத இடத்தில், ஈரத்துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. பூந்தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன், ஒன்றுமில்லை. உண்மையான மறதி. நெஞ்சு குளிரத் திட்டினேன், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு போய்க் காயப்போட்டாள், போகும்போது சீட்டியடித்துக்கொண்டு போனாள். அவளோடு என் கணக்கு தீர்ந்தது. கம்பெனியோடும் தீர்ந்தது. உன் அத்தையோடு தீராது, அது வேறு சங்கதி, ஆயுசு முழுக்க இருக்கும்.

மிச்சம் நீ. சரி என்று சொன்னாயா, சொல்லவில்லையா? வாலு பொய் சொல்லியிருந்தால் அவள் காதைத் திருகுகிறேன். நீ சொன்னது உண்மையென்றால் உண்மை என்று எழுது, உனக்கு உரிய வசவை நான் எழுதுகிறேன், நான்கு பக்கமாவது வரும், படித்துவிட்டு அழுவாய், அதோடு முடிந்தது. இரண்டும் எழுதாமல், விடுமுறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றாயானால், உனக்கு நல்ல விரிப்பு போட்டுத் தருவேன், நீ செருப்போடு உள்ளே வந்தாலும், கோப்பையை எங்கே வைத்தாலும், எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், பரவாயில்லை கண்ணே என்பேன். சாகும்வரை அதையே சொல்வேன். என்னால் முடியும் என்பது உனக்குத் தெரியும், நீதான் ஒன்று விடாமல் பார்த்தாயே.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்கு முன்பே காலுறை வாங்கிக்கொள், கம்பளியில் வாங்கு, யாரோ ஒருத்தி மூடியைத் திறந்து காட்டினாள் என்று எதையும் வாங்காதே. உன் கைகால் சுகத்துக்கும் உன் வேலைக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன், கோபமாக இருக்கும் நாளிலும் அதை விட்டதில்லை. நல்லபடியாக, நேராக, நிமிர்ந்து இரு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா

இத்துடன் உன் விலாசமும் என் விலாசமும் எழுதிய உறை ஒன்றை வைத்திருக்கிறேன், அங்கே செல்லும் தபால்தலையை மட்டும் நீ ஒட்ட வேண்டும். பேசி அனுப்பாதே, படம் அனுப்பாதே, சிரிக்கும் பொம்மை முகம் அனுப்பாதே. தாளில், பேனாவால், உன் கையெழுத்தில் பதில் எழுது.